ஆகஸ்ட் 15: கொடிக் கயிற்றின் முடிச்சு முதல் கிராம சபைத் தீர்மானம் வரை

சுதந்திர தினத்தன்று நம் ஊர்களில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. காலையில் கொடியேற்றம், சற்று நேரம் கழித்துக் கிராம சபை. முன்னது நாட்டுக்குச் சொல்லும் நன்றி. பின்னது நாட்டின் மேல் நாம் வைக்கும் நம்பிக்கை. கொடியேற்றத்துக்கு ஊரே வருகிறது. மிட்டாய் கைக்கு வந்ததும் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே நாளின் ஒரே வேலையாக எடுத்துச் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம். பள்ளி, ஊராட்சி, இளைஞர் மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம் என யார் பொறுப்பேற்றாலும் பயன்படும்.

கொடி வாங்கும்போது

கடையில் முதலில் பார்க்க வேண்டியது விலையல்ல, அளவு. தேசியக் கொடியின் நீளமும் அகலமும் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதித் தொகுப்பு ஒன்பது அளவுகளைச் சொல்கிறது. நமக்குத் தேவைப்படுபவை நான்குதான்: வீட்டு மாடிக்கு 450 × 300 அல்லது 900 × 600 மில்லிமீட்டர், பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் 1350 × 900 அல்லது 1800 × 1200. கடைசியாகச் சொன்னது ஆறடிக்கு நாலடி. இருபதடிக் கம்பத்துக்கு அதுவே பெரிய அளவு. கம்ப உயரத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் கொடியின் நீளம் இருந்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், காற்றில் கம்பமும் ஆடாது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் தெருவோரக் கடைகளில் தொங்கும் கொடிகளில் பலவற்றுக்கு இந்த விகிதம் இருப்பதில்லை. கையோடு ஒரு டேப் கொண்டு போங்கள். சக்கரத்தில் ஆரக்கால்கள் 24 இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். சக்கரம் கருநீலமாக, வெள்ளைப் பட்டையின் நடுவில், துணியின் இரு பக்கமும் தெரிய வேண்டும். காவி சிவப்பாக இருந்தால் வாங்க வேண்டாம்.

கதர், பருத்தி, பட்டு, கம்பளி ஆகியவற்றோடு பாலியஸ்டர் துணியும் இயந்திரத்தில் தைத்த கொடியும் 2021 டிசம்பர் 30 முதல் அனுமதிக்கப்பட்டுள்ளன. கதர்க் கொடிக்கு ஒரு மதிப்பு உண்டு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நனைந்தால் கனத்துத் தொங்கும், உலர நேரமாகும். நாகர்கோவில், வால்பாறை, கூடலூர் போல ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் இடங்களில் பாலியஸ்டர் கொடி ஒன்றையும் மாற்றாக வைத்துக்கொள்வது நல்லது. எந்தத் துணியானாலும் கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் இரட்டைத் தையல் இருக்கட்டும். காற்றில் முதலில் பிரிவது அந்த ஓரம்தான். கிழிந்த, சாயம் போன கொடியை ஏற்றக் கூடாது. போன வருடக் கொடியை ஒரு வாரம் முன்பே எடுத்து விரித்துப் பார்த்துவிடுங்கள்.

கம்பமும் கயிறும்

இது உயிர் போகும் விஷயம் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறோம். இரும்புக் கம்பத்தைப் பெயர்த்து எடுக்கும்போதும் நடும்போதும் அது சாய்ந்து மேலே போகும் மின்கம்பியில் உரசி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும். அதாவது இருபதடிக் கம்பத்துக்கு இருபத்தைந்தடிக்குள் மின்கம்பி இருக்கக் கூடாது. இடம் அப்படித்தான் என்றால் இடத்தை மாற்றுங்கள், அல்லது மின்வாரியத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகு கம்பத்தில் கை வையுங்கள். கயிறு கப்பியில் மாட்டிக்கொண்டது என்று பையன்களைக் கம்பத்தில் ஏற்றிவிடும் வழக்கமும் வேண்டாம்.

கப்பியை ஒரு வாரம் முன்பு இறக்கித் துரு தட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். கயிறு கம்ப உயரத்தைப் போல இரண்டு மடங்கும் மேலே ஐந்தடியும் வேண்டும்: இருபதடிக்கு 45 அடி. பருமன் 6 முதல் 8 மில்லிமீட்டர். இதைவிடப் பருத்தால் கப்பிப் பள்ளத்தில் உட்காராது. மெலிந்தால் கப்பிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் புகுந்து இறுகிவிடும். பாதி உயரத்தில் கொடி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். புது நைலான் கயிறு வழுக்கும், முடிச்சு நிற்காது. நூல் கயிறு பனியிலோ மழையிலோ நனைந்தால் உப்பி, முடிச்சு கல்லாகிவிடும். நன்றாகப் பழகிய, வழுவழுப்புப் போன கயிறே உத்தமம்.

முடிச்சு

சிறப்பு விருந்தினர் இழுக்கிறார், கொடி விரியவில்லை. இன்னும் பலமாக இழுக்கிறார், முடிச்சு இன்னும் இறுகுகிறது. இந்தச் சங்கடம் நேராமல் இருக்க, எந்தக் கயிறு என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

கொடியின் கம்பப் பக்க ஓரத்தில் தைத்த உறைக்குள் ஒரு கயிறு ஓடும். அதன் காவிப் பக்க நுனியில் ஒரு வளையமோ சிறு மரக்கட்டையோ இருக்கும். பச்சைப் பக்கத்தில் கயிறு வாலாக நீண்டிருக்கும். கம்பக் கயிற்றின் ஒரு முனையைக் காவி வளையத்தில் கட்டுங்கள். மறுமுனையைப் பச்சை வாலோடு சேர்த்துக் கட்டுங்கள். இப்போது எல்லாம் சேர்ந்து ஒரே வளையமாகிவிட்டது. கொடி உச்சிக்குப் போன பிறகு கீழே இரண்டு கயிறுகள் தெரியும்: கப்பி மேல் ஏறி இறங்கி வருவது ஏற்றும் கயிறு, கொடியின் அடியிலிருந்து நேராக வருவது விரிக்கும் கயிறு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். விரிக்கும் கயிற்றில் கையெட்டும் உயரத்தில் சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வைத்துவிட்டால் விருந்தினர் தவறான கயிற்றை இழுக்க மாட்டார்.

இனி மடிப்பு. கொடியைத் தரையில் விரிக்கக் கூடாது; இரண்டு பேர் இடுப்பளவில் விரித்துப் பிடிக்க, மூன்றாமவர் மடிக்க வேண்டும். காவியையும் பச்சையையும் வெள்ளையின் மேல் மடித்து நீளப்பட்டையாக்குங்கள். பிறகு காற்றில் பறக்கும் ஓரத்திலிருந்து கம்ப ஓரத்தை நோக்கி விசிறி மடிப்பாக வாருங்கள். பாய் போல இறுக்கிச் சுருட்டினால் மேலே போய் விரியாது. கடைசி இரண்டு மடிப்புக்கு முன் பூவிதழ்களை வையுங்கள். காவி வளையமும் பச்சை வாலும் மடிப்புக்கு வெளியே தெரிகின்றனவா என்று பாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் முடிச்சு அவிழ்ந்தாலும் கொடி அவிழாது.

பச்சை வாலை மடித்த கொடியின் நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூன்றாவது சுற்றில் கயிற்றின் நுனியை நுழைக்கக் கூடாது. கயிற்றை இரண்டாக வளைத்து, இரண்டு விரல் நீளத்துக்கு அந்த வளைவை மட்டும் இரண்டு சுற்றுக்கும் அடியில் செருகுங்கள். ஷூ லேஸின் ஒரு காதை இழுத்தால் முழுதும் அவிழ்வது போல, விரிக்கும் கயிற்றை இழுத்தால் இந்த வளைவு உருவிக்கொண்டு வந்துவிடும். பலமாக இருக்கட்டும் என்று இரண்டாவது வளைவு செருகுவதும், தையல் நூலால் கூடுதலாகச் சுற்றுவதும்தான் கொடி சிக்கிக்கொள்ள முக்கியக் காரணங்கள்.

பூவைப் பற்றி ஒன்று. தேசிய நாள்களில் கொடிக்குள் பூவிதழ் வைக்க விதி இடம் தருகிறது. வேறு எதையும் வைக்கக் கூடாது, கம்ப உச்சியில் மாலையோ பூவோ கட்டக் கூடாது. ரோஜா இதழை உதிர்த்து, நிழலில் ஒரு மணி நேரம் பரப்பி ஈரம் போக்கிய பின் ஒரு கைப்பிடி மட்டும் வையுங்கள். ஈர இதழ் துணியில் ஒட்டி வெள்ளைப் பட்டையில் கறை விடும். முழுச் சாமந்தியோ காம்போடு கூடிய பூவோ வைத்தால் மடிப்பு கனத்துச் சாயும்.

முந்தின நாள் மாலையில், தலைமட்ட உயரத்தில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு அவிழ்த்து எடுத்து வைத்துவிடுங்கள். இரவு முழுக்கக் கட்டிய நிலையில் கம்பத்தில் இருந்தால் பனி இறங்கி முடிச்சு இறுகும். காலையில் நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு புதிதாகக் கட்டினால் போதும்.

ஏற்றும் நேரம்

ஏற்றுவது விறுவிறுப்பாக, இறக்குவது மெதுவாக, மரியாதையோடு. இதுதான் விதி. கொடியை உச்சிக்கு ஏற்றி ஏற்றும் கயிற்றைக் கொக்கியில் கட்டிய பிறகே விரிக்கும் கயிற்றை இழுக்க வேண்டும். கொடி விரிந்ததும் அந்தக் கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். தளர்வாக விட்டால் கொடி கம்பத்தில் சுற்றிக்கொள்ளும். இழுத்தும் விரியவில்லை என்றால் யாரும் பதறக் கூடாது. ஏற்றும் கயிற்றைத் தளர்த்தி மெதுவாக இறக்கி, வளைவைச் சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள். கயிற்றருகே இதற்கென்றே ஒருவர் நிற்கட்டும். கொடி முழுதும் விரிந்த பிறகுதான் தேசிய கீதம்.

1950 ஜனவரி 24 அன்று ஏற்கப்பட்ட தேசிய கீதத்தின் முழு வடிவம் சுமார் 52 வினாடி. ஒலிபெருக்கியில் போடுவதைவிடப் பிள்ளைகள் பாடுவதே உயர்ந்தது என்பது எங்கள் எண்ணம். ஆனால் பயிற்சி வேண்டும். தொடக்கத்தில் சுருதியை உயர்த்திவிட்டால் 'ஜய ஹே' வரும் இடத்தில் குரல் எட்டாது; எனவே தாழ்வாகத் தொடங்கச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் படித்துப் பாடும் பிள்ளைகள் 'உத்கல', 'உச்சல', 'காஹே தவ ஜய காதா' ஆகிய இடங்களில்தான் தடுமாறுவார்கள். அந்த மூன்றையும் தனியே பத்து முறை சொல்ல வையுங்கள். கூட்டம் தொடர்ந்து நடந்தால் பேச்சுகளுக்கு முன் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட அது 55 வினாடி. அதற்கும் எழுந்து நிற்க வேண்டும்.

யார் ஏற்றுவது

1973 வரை மாநிலத் தலைநகரங்களில் சுதந்திர தினக் கொடியை ஏற்றியவர்கள் ஆளுநர்கள். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கே அந்த உரிமை என்று அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி கேட்டுப் பெற்ற பிறகு, 1974 ஆகஸ்ட் 15 முதல் எல்லா மாநிலங்களிலும் முதல்வர்கள் ஏற்றுகிறார்கள். அதே நியாயம்தான் ஊராட்சிக்கும். ஊராட்சி அலுவலகத்தில் கொடியேற்ற வேண்டியவர் ஊர் தேர்ந்தெடுத்த தலைவர். தலைவர் பட்டியல் இனத்தவர் என்பதற்காக அவரை ஒதுக்கி வேறொருவரை ஏற்றச் செய்வதும், நாற்காலி தராமல் நிற்க வைப்பதும் நடந்திருக்கின்றன. இதைத் தடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். பட்டியல் இன ஊராட்சித் தலைவரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்படி குற்றம். உங்கள் ஊரில் அப்படி ஒரு பேச்சு எழுந்தால் விழாவுக்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஒருவரை அவமதித்து ஏற்றும் கொடியால் யாருக்கும் நன்றி சொன்னதாகாது.

குடியிருப்புகளிலும் மன்றங்களிலும் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம். தெருவைக் கூட்டும் தூய்மைக் காவலர், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிடுபவர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோரில் ஒருவரை அழைத்து ஏற்றச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். அன்று காலையில் குப்பை வண்டியோடு வந்தவரை இழுத்து வந்து நிறுத்தினால் அவருக்கு அது மரியாதையாக இருக்காது.

பேச்சு

மூன்று நிமிடம் போதும். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். 'எண்ணற்ற தியாகிகள்' என்று சொல்வதைவிட ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் மனதில் நிற்கும். 1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் அடியில் விழுந்தபோதும் கொடியை விடாத குமரனைப் பற்றிச் சொல்லலாம். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்பு யாத்திரையைச் சொல்லலாம். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். பேர் தெரியாத அந்த மக்களுக்கும் நாம் நன்றிக் கடன் பட்டிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலேயே தியாகிகள் இருந்திருந்தால் அவர்கள் பெயரை முதலில் சொல்லி, குடும்பத்தாரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

பேசுபவரின் மேசைக்குக் கொடியை விரிப்பாகப் போடக் கூடாது, கொடியில் எதையும் எழுதக் கூடாது, தோரணமாகவும் கட்டக் கூடாது. சட்டையில் குத்தும் காகிதக் கொடிகள் தரையில் விழாமல் திரும்ப வாங்க வாசலில் ஒரு பெட்டி வைத்து இரண்டு மாணவர்களை நிறுத்துங்கள். வேண்டுமென்றே அவமதிப்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது.

2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் இரவிலும் கொடி பறக்கவிடலாம். இருந்தாலும் மாலையில் இறக்கிவிடுவதே நல்லது; விழா முடிந்ததும் சாவியோடு எல்லோரும் கிளம்பிவிட, கொடி நாலு நாள் மழையில் கிடப்பதை எத்தனை ஊரில் பார்க்கிறோம். இறக்கப் போகிறவர் யார் என்று காலையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். நனைந்திருந்தால் நிழலில் உலர்த்தி, துணிப்பையில் வையுங்கள். பாலித்தீன் பையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். பழுதான கொடியைக் குப்பையில் போடாமல், தனியிடத்தில் முழுதாக, மரியாதையோடு எரித்துவிட வேண்டும்.

கிராம சபை

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் நடத்துவார். நடக்கும் இடம் மதச் சார்புள்ள வளாகமாக இருக்கக் கூடாது. கூட்டப்பொருள் அறிவிப்பு முன்கூட்டியே வரும். அலுவலகப் பலகையில் இருக்கிறதா என்று ஆகஸ்ட் 8 வாக்கில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

முதலில் குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது எத்தனை பேர் வந்திருந்தால் கூட்டம் செல்லும் என்பது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கொடியேற்றத்துக்கு வந்தவர்களை அப்படியே சபைக்கு அழைத்து வருவதுதான் இதற்கு எளிய வழி. மிட்டாயைச் சபை முடிந்த பிறகு கொடுங்கள். பந்தலும் மோரும் ஏற்பாடு செய்யுங்கள். மகளிர் குழுக்களுக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவைத்தால் கூட்டம் நிறைந்துவிடும்.

கோரிக்கை எழுதுவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். 'எங்கள் தெருவுக்கு அடிப்படை வசதி வேண்டும்' என்று எழுதினால் அதை யாரும் மதிப்பீடு போட முடியாது. ஒரு மனுவில் ஒரே வேலை. இடம், நீளம், பயனடையும் வீடுகள், இப்போதுள்ள பாதிப்பு, எந்தத் தேதிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பவை இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

"3-ஆவது வார்டு பள்ளிக்கூடத் தெருவில் அங்கன்வாடி மையம் முதல் ஊரணி வரை சுமார் 180 மீட்டர் தூரத்துக்குக் கழிவுநீர் வாய்க்கால் இல்லை. 42 வீடுகளின் கழிவுநீர் தெருவில் தேங்கி, மழைக்காலத்தில் அங்கன்வாடி வாசல் வரை வருகிறது. இங்கே மூடியுடன் கூடிய வாய்க்கால் அமைக்க மதிப்பீடு தயாரித்து, அக்டோபர் 2 கிராம சபையில் வைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது."

நீளத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். தெருவிளக்கு, குடிநீர், தெருச்சாலை, வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை ஆகியவை ஊராட்சியே செய்யக்கூடியவை; தீர்மானம் போட்டால் நேரே வேலைக்குப் போகலாம். நெடுஞ்சாலை, பேருந்து, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவை வேறு துறைகளின் பொறுப்பு. அவற்றுக்குச் சபை பரிந்துரைதான் செய்ய முடியும். ஆகவே அந்தத் தீர்மானத்தில் எந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று பெயர் குறிப்பிடுங்கள். தனியார் பட்டா, பங்காளித் தகராறுகளைச் சபைக்குக் கொண்டுவந்தால் நேரம்தான் போகும்.

வரவு செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும். பேனரில் வைத்திருந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் அது சுருட்டப்பட்டுவிடும்.

கையெழுத்து விஷயத்தில் கவனம் வேண்டும். வருகைக்கு இடும் கையெழுத்து வேறு, தீர்மானத்துக்கு இடுவது வேறு. எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு எழுதப்பட்டு, சபையில் வாசிக்கப்படும் வரை பத்துப் பேராவது உட்கார்ந்திருங்கள். ஒருவர் மட்டும் எழுந்து பேசினால் சொந்தப் பிரச்சினை என்று ஒதுக்க முடியும். பத்துப் பேர் சேர்ந்து பேசும்போது அப்படி ஒதுக்க முடியாது. குரல் உயர வேண்டியதில்லை.

அடுத்த வாரம் தீர்மான நகலை எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். அந்தத் தகவல் வேறு அலுவலகத்திடம் இருந்தால் ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் நடுவே 48 நாள், சரியாக ஒரு மண்டலம். அடுத்த சபையில் புதுக் கோரிக்கைகளை எடுப்பதற்கு முன், போன சபையின் தீர்மானங்களை எண் சொல்லி வாசித்து, ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று பதில் கேளுங்கள். மதிப்பீடு தயாரானதா, யாருக்கு அனுப்பினார்கள், எந்தத் தேதியில், நிதி எந்தத் திட்டத்தில் இருந்து என்ற நான்கு கேள்விகளையும் எழுதி எடுத்துப் போங்கள். வரும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.